நாற்பது டாலரில் தொடங்கிய கூட்டு வியாபாரம்



சிறு இயந்திரங்களைச் செய்து விற்கும் தொழிலில் கூட்டு வியாபாரங்கள் ஏன் பாதி வழியில் முறிந்து போகின்றன என்பது இன்றைய அரங்கத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள். கணக்குவழக்கு பற்றியும் வங்கிக் கடன் பற்றியும் பேச இங்கே தகுதி வாய்ந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட பகுதி வரலாறு. பல தொழில்களைத் தொட்டுத் தொட்டுப் போவதைவிட, ஒரே ஓர் இயந்திரத்தின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அந்த இயந்திரத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். தோட்டப்புற வீடுகளிலும் கடைத்தெருத் தையற்காரரிடமும் இருந்த அதே கால்மிதி இயந்திரம்தான். கறுப்பு உடல், பொன்னிறப் பூவேலை, கழுத்தில் 'சிங்கர்' என்ற பெயர்.

அந்தப் பெயருக்குப் பின்னால் நான்கைந்து பேர் மறைந்து கிடக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

தமிழில் கூட்டாளி என்றும் பங்காளி என்றும் இரண்டு சொற்கள் வைத்திருக்கிறோம். நம் நாட்டுப் பேச்சு வழக்கில் கூட்டாளி என்றால் நண்பன் என்றே பொருள். பங்காளி என்பவனோ சொத்தில் பாகம் கேட்க உரிமை உள்ளவன். சண்டை என்ற சொல்லோடு சேர்ந்து வருவது பங்காளிதான். கூட்டாளிச் சண்டை என்று யாரும் சொல்வதில்லை. தொழில் தொடங்கும் நாளில் கூட்டாளிகளாக இருப்பவர்கள் பணம் வரத் தொடங்கியதும் பங்காளிகளாக மாறுவதைத்தான் இந்தக் கதையில் திரும்பத் திரும்பப் பார்க்கப் போகிறீர்கள்.

முதலில் காந்தியடிகளிடமிருந்து தொடங்குகிறேன். 1924ஆம் ஆண்டு அவர் நடத்திய 'யங் இந்தியா' இதழில் ஓர் உரையாடல் வெளிவந்தது. கேள்வி கேட்டவர் ஜி. இராமச்சந்திரன். பிற்காலத்தில் தமிழ்நாட்டில் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவியவர் அவரே. இயந்திரங்கள் அனைத்தையும் நீங்கள் எதிர்க்கிறீர்களா என்று அவர் கேட்டபோது, சிங்கர் தையல் இயந்திரத்துக்குக் காந்தியடிகள் விலக்குக் கொடுத்தார். மனிதன் கண்டுபிடித்த பயனுள்ள சில பொருள்களில் அதுவும் ஒன்று என்றார். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சோர்வதைப் பார்த்த சிங்கர், அவள் மீது கொண்ட அன்பினாலேயே அதைச் செய்தார் என்றும் காரணம் சொன்னார்.

அடிகள் அப்படித்தான் கேள்விப்பட்டிருக்கிறார். உண்மை வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. கண்டுபிடிப்பைப் பற்றித் தமக்குக் கவலை இல்லை, காசு ஒன்றே குறி என்று சிங்கர் சொன்னதாகத்தான் அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மனைவி தைப்பதைப் பார்த்து மனம் நொந்த கதை பொருந்துவது இன்னொருவருக்கு. அவர் பெயர் எலியஸ் ஹோவ்.

ஹோவ் 1819இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். இயந்திரப் பட்டறைத் தொழிலாளி. உடல் வலிமை இல்லாதவர். அவர் வேலைக்குப் போக முடியாத நாள்களில் மனைவிதான் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். ஊசியால் தைக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்ய ஹோவ் ஆசைப்பட்டார். கையில் பணம் இல்லை. அப்போது ஜார்ஜ் ஃபிஷர் என்ற பள்ளிக்கால நண்பர் முன்வந்தார். விறகும் நிலக்கரியும் விற்பவர் அவர். ஹோவின் குடும்பத்தையே தம் வீட்டில் தங்க வைத்துச் சோறு போட்டார். பொருள் வாங்க 500 டாலரும் கொடுத்தார். இயந்திரம் வெற்றி பெற்றால் காப்புரிமையில் பாதி ஃபிஷருக்கு. ஒப்பந்தம் அவ்வளவுதான்.

1845இல் இயந்திரம் தைத்தது. பாஸ்டன் நகரில் ஐந்து தையற்பெண்களோடு போட்டி வைத்து ஹோவின் இயந்திரம் வென்றது. 1846 செப்டம்பர் 10ஆம் நாள் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் ஒருவரும் வாங்கவில்லை. விலை அதிகம். தையற்காரர்களுக்கோ பிழைப்புப் போய்விடும் என்ற பயம். ஃபிஷர் செலவைக் கூட்டிப் பார்த்தார். ஏறக்குறைய 2,000 டாலர் போயிருந்தது. அவர் நம்பிக்கை இழந்தார்.

ஹோவின் சகோதரர் இயந்திரத்தை இலண்டனுக்கு எடுத்துச் சென்று, பெண்களின் உள்ளாடை தயாரிக்கும் வில்லியம் தாமஸ் என்பவரிடம் இங்கிலாந்து உரிமையை 250 பவுனுக்கு விற்றார். இங்கிலாந்தில் விற்கும் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் மூன்று பவுன் தருவதாகத் தாமஸ் வாய்வார்த்தையாகச் சொன்னார் என்பது ஹோவ் தரப்பின் கூற்று. அந்த மூன்று பவுன் வரவே இல்லை. ஹோவும் இலண்டன் சென்று தாமஸிடம் சில மாதங்கள் வேலை பார்த்தார், சண்டை போட்டுக்கொண்டு வெளியேறினார், கடைசியில் கப்பல் செலவுக்காகத் தம் முதல் இயந்திரத்தையும் காப்புரிமைப் பத்திரத்தையும் அடகு வைத்தார். 1849இல் அவர் ஊர் திரும்பியபோது மனைவி காசநோயால் சாகும் தறுவாயில் இருந்தார். காந்தியடிகள் சொன்ன அன்பு இந்த வீட்டில் இருந்தது. அதன் முடிவு இப்படியானது.

ஊர் திரும்பிய ஹோவுக்கு இன்னொரு செய்தியும் காத்திருந்தது. அவர் இல்லாத காலத்தில் அமெரிக்காவில் பலர் தையல் இயந்திரம் செய்து விற்கத் தொடங்கியிருந்தார்கள். அவற்றில் தம்முடைய ஊசியும் ஷட்டிலும் இருப்பதைக் கண்டார். வழக்குப் போட வேண்டும். பாதி உரிமை வைத்திருந்த ஃபிஷர் இனி ஒரு காசும் போடத் தயாராக இல்லை. தம் பாதியை ஜார்ஜ் பிளிஸ் என்பவருக்கு விற்றுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பிளிஸ் வழக்குச் செலவுக்குப் பணம் தர ஒப்புக்கொண்டாலும் ஈடு கேட்டார். ஹோவின் தந்தை தம் பண்ணையை ஈடாக எழுதிக் கொடுத்தார்.

ஃபிஷரை நான் குறை சொல்லத் தயாராக இல்லை. ஒரு குடும்பத்துக்கே சோறு போட்டவர் அவர். ஆனால் பத்தே ஆண்டுகளில் அந்தப் பாதியின் மதிப்பு எங்கே போய் நின்றது என்பதை நினைத்துப் பாருங்கள். ஹோவ் தம் காப்புரிமைக் காலம் முடிவதற்குள் சம்பாதித்தது ஏறக்குறைய இருபது இலட்சம் டாலர் என்று சொல்கிறார்கள்.

இனி சிங்கர். ஐசக் மெரிட் சிங்கர் 1811இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டு ஓடியவர். ஆசை எல்லாம் நாடகத்தின் மீது. பாறை துளைக்கும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்து 1839இல் அதன் உரிமையை 2,000 டாலருக்கு விற்றார். அந்தப் பணத்தில் ஒரு நாடகக் குழு நடத்தினார். பணம் கரைந்ததும் மறுபடியும் இயந்திரத்துக்கு வந்தார். அச்சுக்கூடங்களுக்கான மர எழுத்துகளைச் செதுக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். அதை நியூயார்க்கில் ஒரு தொழிற்கூடத்தில் வைத்திருந்தபோது, 1850 பிப்ரவரி 4ஆம் நாள் அங்கிருந்த கொதிகலன் வெடித்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிங்கரின் இயந்திரமும் போயிற்று.

அந்த இயந்திரத்தை முன்பே பார்த்து மயங்கியிருந்தவர் ஜார்ஜ் சீபர். பிலடெல்பியாவில் புத்தகப் பதிப்புத் தொழிலில் இருந்தவர். மறுபடியும் ஓர் இயந்திரம் செய்ய அவர் பணம் கொடுத்தார். இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு பாஸ்டன் சென்று, ஆர்சன் பெல்ப்ஸ் என்பவரின் பட்டறையில் இடம் வாடகைக்கு எடுத்தார்கள். மர எழுத்து இயந்திரத்தை வாங்க ஒருவரும் வரவில்லை. சீபரின் பணம் முடங்கிப் போனது.

பெல்ப்ஸின் பட்டறையில் அப்போது வேறு நிறுவனத்துக்காகத் தையல் இயந்திரங்கள் செய்துகொண்டிருந்தார்கள். செய்ததில் பெரும்பாலானவை திரும்பத் திரும்பப் பழுதாகிப் பட்டறைக்கே வந்தன. சிங்கர் ஒருநாள் அதைப் பார்த்தார். ஷட்டில் வட்டமாகச் சுற்ற வேண்டாம், நேர்கோட்டில் போய்வரட்டும். ஊசி வளைந்து படுத்திருக்க வேண்டாம், நிமிர்ந்து மேலும் கீழும் போகட்டும் என்றார். இன்று நம் தையற்காரர் முன்னால் குதிக்கும் ஊசி அன்று சொன்ன யோசனைதான்.

1850 செப்டம்பர் 18ஆம் நாள் மூவரும் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். மாதிரி இயந்திரம் செய்யச் சீபர் 40 டாலர் போடுவார். பெல்ப்ஸ் தம் பட்டறையையும் கைத்திறனையும் கொடுப்பார். சிங்கர் தம் மூளையைக் கொடுப்பார். நம் ஊர்ப் பட்டறைகளில் நடக்கும் கூட்டுத் தொழில்கள் பெரும்பாலும் இந்த வடிவம்தான். ஒருவரிடம் யோசனை, ஒருவரிடம் லேத் மெஷின், ஒருவரிடம் காசு. மாவு அரைக்கும் இயந்திரமானாலும் முறுக்குப் பிழியும் இயந்திரமானாலும் இதே மூன்று பேர்தான்.

பதினொரு நாள் இரவும் பகலுமாக வேலை நடந்தது. பதினோராம் நாள் இரவு இயந்திரத்தைப் பூட்டி ஓட்டினார்கள். தைக்கவில்லை. வேலையாட்கள் சலித்துப் போய் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். சிங்கரும் சீபரும் நள்ளிரவில் விடுதிக்கு நடந்தார்கள். வழியில் அடுக்கியிருந்த பலகைகள் மீது களைத்து உட்கார்ந்தபோது சீபர் ஒன்று சொன்னார்: நூல் தளர்ந்து வளையம் வளையமாக நிற்பது துணியின் மேல்பக்கத்தில் மட்டும்தானே, கவனித்தாயா? சிங்கருக்கு மின்னல் வெட்டியது போல் இருந்தது. நூலின் இறுக்கத்தைச் சரிசெய்யும் திருகை மறந்திருந்தார். திரும்பி ஓடினார்கள். இறுக்கத்தைச் சரிசெய்து ஓட்டியதும் ஐந்து தையல் ஒழுங்காக விழுந்தது. ஆறாவதில் நூல் அறுந்தது. ஐந்து போதும் என்று தெரிந்துவிட்டது.

இந்தச் சம்பவத்தைப் பிற்காலத்தில் சொன்னவர் சிங்கர்தான். அதனால்தான் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. காசு போட்டவர் வெறும் காசு போட்டவராக இல்லை. புத்தகம் பதிப்பித்துக்கொண்டிருந்தவரின் கண், பட்டறையில் இருந்த எவர் கண்ணிலும் படாத ஒன்றைப் பார்த்தது. ஆனால் ஒப்பந்தத்தில் அவர் கணக்கில் எழுதப்பட்டது 40 டாலர் மட்டுமே. யார் என்ன கொண்டுவந்தார்கள் என்பதைத் தொடக்க நாளிலேயே எழுதி முடித்துவிட்டால், பிறகு அவர் கொண்டுவருவதை எழுத இடமில்லாமல் போய்விடுகிறது.

ஒரு சின்னச் செய்தி. அந்த ஆண்டு சுவீடன் நாட்டுப் பாடகி ஜென்னி லிண்ட் அமெரிக்காவில் பெரும் புகழோடு கச்சேரி நடத்திக்கொண்டிருந்தார். நம் மூவரும் இயந்திரத்துக்கு முதலில் அவர் பெயரைத்தான் வைத்தார்கள். அந்தப் பெயர் நிலைத்திருந்தால் நம் பாட்டிமார்கள் 'ஜென்னி மிஷின்' என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். 1851 ஆகஸ்ட் 12ஆம் நாள் வந்த 8294ஆம் எண் காப்புரிமையில் இருந்த பெயர் சிங்கருடையது.

அதற்குள் கூட்டு உடையத் தொடங்கிவிட்டது. பெல்ப்ஸ் முதலில் போனார். சிங்கரோடு அன்றாடம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்வது யாருக்கும் எளிதாக இல்லை. உரத்த குரல், முன்கோபம், மேடையில் பேசிப் பழகிய நாக்கு. ஒப்பந்தம் எழுதிய சில மாதங்களிலேயே பெல்ப்ஸின் பங்கை வாங்கி அவரை வெளியேற்றினார்கள். பிறகு பணம் போடுவதாகச் சொல்லி ஒருவர் உள்ளே வந்தார். அவரும் சிங்கரின் வாய்க்குப் பயந்து சில மாதங்களில் விலகினார்.

மூன்றாவதாக வந்தவர் பயப்படவில்லை. எட்வர்ட் கிளார்க் நியூயார்க்கில் வழக்கறிஞர். வில்லியம்ஸ் கல்லூரியில் படித்தவர். அமைதியானவர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். சிங்கரும் 1811இல் பிறந்தவர், கிளார்க்கும் அதே 1811. அதைத் தவிர இருவருக்கும் பொதுவாக எதுவும் இல்லை. ஹோவ் வழக்கோடு வந்து நின்றபோது சிங்கரிடம் வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. கட்டணத்துக்குப் பதிலாகத் தொழிலில் மூன்றில் ஒரு பங்கைக் கிளார்க்குக்குக் கொடுத்தார்கள். இப்போது சிங்கர், சீபர், கிளார்க் என்று மூவர்.

1851ஆம் ஆண்டு இறுதியில் சீபர் நோயில் படுத்தார். சிங்கர் பார்க்க வந்தார். நீ பிழைக்க மாட்டாய் என்று மருத்துவர் சொல்கிறார், சாவதற்கு முன் உன் பங்கைப் பணமாக்கிவிடுவது நல்லது என்றார். சீபர் 6,000 டாலருக்குத் தம் பங்கை எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் எழுந்து உட்கார்ந்தார், குணமாகிவிட்டார். மருத்துவர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. இது சீபர் தரப்பில் சொல்லப்பட்ட கதை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனால் பங்கு கைமாறியதும் தொகையும் உறுதியானவை. அன்றிலிருந்து சிங்கருக்குப் பாதி, கிளார்க்குக்குப் பாதி.

இந்த இடத்தில் கொஞ்சம் சட்டம் பேசுகிறேன். மலேசியாவின் 1961ஆம் ஆண்டுக் கூட்டு வணிகச் சட்டமும் சிங்கப்பூரில் நடப்பில் இருக்கும் சட்டமும் 1890ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தின் வழி வந்தவை. எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் கூட்டாளிகளுக்கு இலாபத்தில் சம பங்கு என்கிறது அந்தச் சட்டம். ஒருவர் அதிகம் போட்டார், ஒருவர் குறைவாகப் போட்டார் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. கூட்டுத் தொழிலைத் தொடும் எல்லா விவரங்களையும் ஒரு கூட்டாளி இன்னொரு கூட்டாளிக்கு உண்மையாகவும் முழுமையாகவும் தெரிவிக்கவேண்டும் என்றும் சொல்கிறது. பங்கை விற்கும்போதுதான் இந்தக் கடமை உரசிப் பார்க்கப்படும். வாங்குகிறவருக்கு வியாபாரத்தின் நிலவரம் தெரியும். படுக்கையில் கிடக்கும் விற்கிறவருக்குத் தெரியாது. சீபர் விற்ற அந்த மாதங்களில்தான் இயந்திரம் விலைபோகத் தொடங்கியிருந்தது. கணக்குப் புத்தகம் யார் கையில் இருந்ததோ அவருக்கு அது தெரியும்.

உள்ளே இந்தச் சண்டை. வெளியே வேறொரு சண்டை. ஹோவ் 25,000 டாலர் கேட்டு வந்தபோது சிங்கர் அவரைப் படிக்கட்டில் உதைத்துத் தள்ளிவிடுவேன் என்று மிரட்டியதாகச் சொல்வார்கள். ஹோவின் காப்புரிமையை உடைக்க ஒரு வழி தேடினார்கள். 1830களிலேயே வால்டர் ஹன்ட் என்ற நியூயார்க்காரர் நுனியில் காது வைத்த ஊசியோடு இயந்திரம் செய்திருந்தார் என்று கண்டுபிடித்தார்கள். ஆனால் ஹன்ட் அதற்குக் காப்புரிமை வாங்காமல் அப்படியே விட்டுவிட்டார். முதலில் செய்தவர் அவர்தான், ஆனாலும் உரிமையைக் கைவிட்டவர் என்று 1854இல் தீர்ப்பு வந்தது. சிங்கரும் கிளார்க்கும் ஹோவுக்கு 15,000 டாலர் கொடுத்து உடன்பட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. வீலர் அண்ட் வில்சன், குரோவர் அண்ட் பேக்கர் ஆகிய இரண்டு நிறுவனங்களிடமும் தனித்தனிக் காப்புரிமைகள் இருந்தன. ஊசி ஒருவருடையது, துணியை நகர்த்தும் பல் இன்னொருவருடையது, தையலின் வகை மூன்றாமவருடையது. யார் ஓர் இயந்திரம் செய்தாலும் மற்ற மூவர் மீதும் கை பட்டுவிடும். ஆளாளுக்கு வழக்குப் போட்டார்கள். 1856இல் எல்லா வழக்குகளும் ஒன்றாக விசாரணைக்கு வர இருந்த வேளையில், ஆல்பனி நகரில் எல்லாரும் கூடியபோது, குரோவர் அண்ட் பேக்கர் நிறுவனத்தின் தலைவர் ஆர்லாண்டோ பாட்டர் ஒரு யோசனை சொன்னார். இப்படியே போனால் வழக்கறிஞர்கள்தான் வாழ்வார்கள். காப்புரிமைகளை எல்லாம் ஒரே கூடையில் போடுவோம், வெளியார் யார் செய்தாலும் இயந்திரத்துக்கு 15 டாலர் கட்டட்டும், அதைப் பிரித்துக்கொள்வோம் என்றார். பாட்டரும் வழக்கறிஞர்தான் என்பதைச் சொல்ல வேண்டும்.

ஹோவ் ஒரு நிபந்தனை வைத்தார். குறைந்தது 24 தயாரிப்பாளர்களுக்கு உரிமம் கொடுக்க வேண்டும் என்றார். மற்ற மூவருக்கும் தொழிற்சாலை இருந்தது. ஹோவுக்கு அப்போது இருந்தது காப்புரிமை மட்டும். தயாரிப்பாளர்கள் கூடினால்தான் அவருக்கு வரும்படி. அமெரிக்காவில் விற்ற ஒவ்வோர் இயந்திரத்துக்கும் 5 டாலர் அவருக்கு என்று முடிவானது. பிளிஸ் இறந்த பிறகு அந்தப் பாதிப் பங்கையும் ஹோவ் வாங்கியிருந்தார். விறகுக்கடை ஃபிஷர் கைவிட்ட அதே பாதிதான். காப்புரிமையைக் கூட்டாக்கி ஒரு தொழில் முழுவதும் பணம் பிரித்துக்கொண்டது அமெரிக்காவில் இதுவே முதல் பெரிய ஏற்பாடு என்பது குறிப்பிடத்தக்கது. கடைசிக் காப்புரிமை முடிந்த 1877 வரை அது நீடித்தது. ஒருவரை ஒருவர் நீதிமன்றத்தில் ஏசிக்கொண்ட நால்வர் இருபது ஆண்டுகள் சேர்ந்து இயங்கினார்கள். யாரும் யாரையும் நம்பவில்லை. எவ்வளவு, எப்போது, யாருக்கு என்பது மட்டும் எழுத்தில் இருந்தது.

அதே 1856இல் கிளார்க் இன்னொன்று செய்தார். வீட்டு இயந்திரத்தின் விலை 125 டாலர். அன்றைய அமெரிக்கக் குடும்பத்தின் சராசரி ஆண்டு வருமானம் ஏறக்குறைய 500 டாலர் என்று கணக்கிடுகிறார்கள். ஐந்து டாலர் முன்பணம் கட்டு, மீதியை மாதாமாதம் கொடு, இயந்திரத்தை இன்றே வீட்டுக்கு எடுத்துப் போ என்றார் கிளார்க். பழைய இயந்திரத்தைக் கொண்டுவந்தால் 50 டாலர் கழித்துக்கொள்வதாகவும் அறிவித்து, வந்த பழைய இயந்திரங்களை உடைத்துப் போட்டார். 1855இல் 883 இயந்திரங்கள் விற்ற நிறுவனம் 1856இல் 2,564 விற்றது. 1859இல் பத்தாயிரத்தைத் தாண்டியது. இன்று நாம் 'சேவா பெலி' என்று சொல்லித் தொலைக்காட்சிப் பெட்டியும் காரும் வாங்குகிறோமே, அதற்கு உலகெங்கும் வழிகாட்டியவர்களில் கிளார்க் முதன்மையானவர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சிங்கர் கடைகள் இருந்தன. கையில் மொத்தப் பணம் இல்லாத எத்தனையோ குடும்பங்களுக்குத் தவணையில்தான் அந்த இயந்திரம் வந்து சேர்ந்தது.

சிங்கர் ஊசியைச் செய்தார், கிளார்க் தவணையைச் செய்தார். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய கண்டுபிடிப்பு என்பேன். இதற்குச் சிங்கரின் அன்பர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

இருவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. கிளார்க்கின் மனைவி சிங்கரை வீட்டுக்குள்ளேயே சேர்க்க விரும்பாதவர். பங்கை விற்றுவிட்டு அந்த முரடனை விட்டு விலகி வாருங்கள் என்று கணவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். 1860இல் நிலைமை முற்றியது. சிங்கருக்கு ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருந்தன. நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில், நட்டநடுத் தெருவில், இரண்டு குடும்பங்கள் வண்டியில் எதிர்ப்பட்டன. கூச்சல், காவல் நிலையம், செய்தித்தாள். குடும்பப் பெண்களுக்கு இயந்திரம் விற்கும் நிறுவனத்தின் பெயர் தெருவில் கிடந்தது. சிங்கர் ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். கிளார்க் தனியாகச் சமாளித்தார்.

கிளார்க்கின் கவலை பெயரோடு முடியவில்லை. கூட்டு வணிகம் என்பது ஆளோடு கட்டப்பட்டது. ஒருவர் இறந்தால் கூட்டு கலைந்துவிடும். வாரிசுகள் வந்து நிற்பார்கள். சிங்கரின் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் அல்லர், இருபதுக்கு மேல். அவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தொழிற்சாலைக்குள் நுழைந்து பாகம் கேட்டால் என்ன ஆகும்? நம் ஊரில் அப்பா பெயரில் இருந்த பட்டறை, அப்பாவின் காரியம் முடிந்த மறுமாதம் பூட்டிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கவலையை விளக்க வேண்டியதில்லை.

1863இல் கிளார்க் கூட்டு வணிகத்தைக் கலைத்தார். அதன் இடத்தில் சிங்கர் மேனுஃபேக்சரிங் கம்பெனி என்ற பங்கு நிறுவனம் பிறந்தது. இருவருக்கும் சரிசமமாக நூற்றுக்கு நாற்பது பங்கு அளவில் போயிற்று. மீதியில் நிறுவனத்தின் முக்கிய ஊழியர்களும் வாங்கினார்கள். சிங்கர் ஒப்புக்கொள்ள மறுத்து முரண்டு பிடித்தது ஒரே ஒரு விஷயத்துக்கு. தாம் விலகிய பிறகு கிளார்க் தலைவர் நாற்காலியில் அமர்வதை அவரால் பொறுக்க முடியாது. கிளார்க்குக்கும் அதே நிலைதான். முடிவில் ஒரு விதி எழுதினார்கள்: மற்றவர் உயிரோடு இருக்கும்வரை இருவரில் எவரும் தலைவராகக் கூடாது. நிறுவனத்தில் வேலை பார்த்த இன்ஸ்லீ ஹாப்பர் என்ற இளைஞர் தலைவரானார்.

வேடிக்கையான விதி என்று தோன்றும். தொழில் செய்கிறவர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வீர்களோ தெரியாது. எனக்கு இந்தக் கதையிலேயே அறிவான வரி இதுதான் என்று படுகிறது. இருவரும் ஒருவரை ஒருவர் வெறுத்தார்கள் என்பதை மறைக்காமல், அதையே ஒரு நிபந்தனையாக எழுதி வைத்தார்கள். பெல்ப்ஸையும் சீபரையும் வெளியேற்றியது போல் இருவரில் ஒருவர் மற்றவரை வெளியேற்றியிருந்தால், வெளியேறியவர் எதிரே ஒரு தொழிற்சாலை திறந்திருப்பார். பதிலாக, இருவரும் வீட்டில் உட்கார்ந்து இலாபம் வாங்கினார்கள்; நிறுவனம் அவர்கள் இருவரையும் பொருட்படுத்தாமல் வளர்ந்தது. 1867இல் கிளாஸ்கோவில் தொழிற்சாலை வந்தது. அந்த ஆண்டுதான் ஹோவ், தம் காப்புரிமை முடிந்த சில வாரங்களில், 48 வயதில் மறைந்தார்.

சிங்கர் இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் பெயின்டன் என்ற ஊரில் குடியேறி, அரண்மனை போன்ற வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். உள்ளே ஒரு நாடக அரங்கும் வைத்துக் கட்டச் சொன்னார். வீடு முடியும் முன்பே 1875 ஜூலையில் இறந்தார். ஒரு கோடி டாலருக்கு மேல் சொத்து. உயிலை எதிர்த்து வழக்கு வந்தது. ஆனால் அந்த வழக்கு சொத்தைப் பற்றியது; தொழிற்சாலைக்குள் யாரும் பாகம் கேட்டு நுழைய முடியவில்லை.

மறு ஆண்டு எட்வர்ட் கிளார்க் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். அப்போது அவருக்கு 64 வயது. 1882இல் சாகும்வரை அதிலேயே இருந்தார்.